பாலன் அண்ணையின் பத்தாவது பயணத் திட்டம்

லண்டனுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அங்கே தங்கிவிட வழி தேடுவார்கள். நான் அங்கிருந்து ஓர் ஆளைக் கிளப்பிக்கொண்டு வரப் போனேன். விசா விண்ணப்பத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில் இதை அப்படியே எழுதத்தான் எனக்கு விருப்பம். அண்ணையின் மகள் துளசி தொலைபேசியில் ஆங்கிலத்தில் கெஞ்சினாள். "மாமி, தயவுசெய்து 'குடும்பத்தைப் பார்க்க' என்று மட்டும் போடுங்கள். மற்றதெல்லாம் அவர்களுக்குப் புரியாது." அப்படியே போட்டேன்.

கிளப்பவேண்டிய ஆள் என் ஒரே அண்ணன், பாலன். வயது அறுபத்தாறு. லண்டனில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கே போய் முப்பத்துமூன்று வருடமாகிறது. ஒருமுறைகூட நாட்டுக்குத் திரும்பி வரவில்லை. அப்பா செத்தபோது அவரிடம் வதிவிடப் பத்திரம் இல்லை. என் கலியாணத்துக்கும் இல்லை. அம்மா போனபோது பத்திரம் வந்திருந்தது, ஆனால் நாட்டில் சண்டை. ஏழு வருடத்துக்கு முன் என் கணவர் இறந்தார். அப்போது பத்திரமும் இருந்தது, சண்டையும் இல்லை. வருகிறேன் என்று சொன்னார். வரவில்லை. அது எனக்கு ஆறாத கோபம், அதை நான் யாருக்கும் ஒளித்ததுமில்லை.

இப்போது என் மகள் நிலானிக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் கொழும்பு, மண்டபம் வெள்ளவத்தையில். தகப்பன் இல்லாத பிள்ளையைத் தாரை வார்த்துக் கொடுக்க மாமனும் மாமியும் மணவறையில் இருக்கவேண்டும். "அண்ணை கட்டாயம் வருவர்" என்று சம்பந்தி வீட்டாரிடம் வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். பிறகுதான் அது நடக்க ஒரே வழி, நானே போய்க் கையோடு கூட்டிவருவது என்று விளங்கியது. முப்பத்தைந்து வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தவள் நான். சில பொருட்களைப் பதிவுத் தபாலில்கூட நம்பி விடக்கூடாது.

சனிக்கிழமை பின்னேரம் ஹீத்ரோவில் இறங்கினேன். வெளியே அண்ணை தாள்கள் பிதுங்கும் ஒரு நீலக் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். வட்சப்பில் அவரது முகத்தைத்தான் பார்த்திருந்தேன். ஆள் இவ்வளவு கட்டையாகிப் போனது தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் கட்டிப்பிடிக்கிற பழக்கம் இல்லை. அண்ணை குனிந்து, என் தள்ளுவண்டியின் சில்லைக் கவனமாகப் பார்த்தார்.

"உந்தச் சில்லு ஒரு பக்கம் இழுக்குது" என்றார். முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணன் தங்கையோடு நேரில் பேசிய முதல் வசனம் அதுதான்.

துளசி கார் கொண்டுவந்திருந்தாள். அண்ணைக்குக் கார் பிடிக்கவில்லை. "இந்த நேரம் ட்ராபிக்கிலை கார் நிண்டுடும். பஸ்ஸுக்குத் தனி லேன் கிடக்கு, பறந்திடலாம்" என்றார். சாமான்களும் அண்ணையின் மனைவி மச்சாளும் காரில் போக, நானும் அண்ணையும் பஸ்ஸில் பறந்தோம். மூன்று பஸ் மாறினோம். மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்துகொண்டு, ஒவ்வொரு சாரதியும் எங்கே பிரேக்கைப் பிந்திப் போட்டான் என்று அண்ணை எனக்கு விளங்கப்படுத்தினார். கிங்ஸ்பரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, காரில் போனவர்கள் வந்து, குளித்து, புட்டும் அவித்து முடித்திருந்தார்கள்.

புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு. அந்த முருங்கைக்காயைப் போல ஒன்றை யாழ்ப்பாணச் சந்தையில் கண்டு எத்தனையோ நாள். நல்லதெல்லாம் விமானம் ஏறி இங்கே வந்துவிடுகிறது. எங்களுக்கு மிஞ்சுவது முற்றல். மறுநாள் காலை மச்சாளோடு தமிழ்க்கடைக்குப் போனபோது அதன் விலையைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு முருங்கைக்காயை மரியாதையோடு கையில் எடுத்தேன். பக்கத்தில் வெண்டிக்காய் நுனி முறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "எவடம் பிள்ளை?" என்றார். ஊரைச் சொன்னேன். மூன்றாவது கேள்வியில் அவர் என் சின்னம்மாவின் கொழுந்தனார் ஆகிவிட்டார். நாலாவது கேள்வி, "எப்ப எங்கடை வீட்டை சாப்பிட வாறியள்?"

"பாலன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான். நேரமில்லை" என்றேன்.

பெரியவர் வெண்டிக்காயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பின் காரணம் அன்று பின்னேரம் விளங்கியது. அண்ணை நீலக் கோப்பைத் திறந்தார். அட்டையில் 'கொழும்புப் பயணம்' என்று எழுதியிருந்தது. தலைநகரம் இப்போது ஸ்ரீ ஜெயவர்த்தனபுரம் அல்லவா என்று சீண்டினேன். "அங்கை பிளேன் இறங்காது" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

உள்ளே பத்துப் பிரிவு. ஒவ்வொன்றும் ஒரு பயணம். எத்தனை மணிக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடுவது, எந்த பஸ், அது வராவிட்டால் எந்த பஸ், எந்தப் பெட்டியில் எது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகள், அதற்குப் பதில்கள். ஒரு ராணுவம் இடம்பெயர இவ்வளவு எழுதாது. நின்றுபோன ஒன்பதில் எட்டுப் பிரிவின் கடைசித் தாளிலும் பயணம் நின்ற காரணம் சிவப்பு மையில் இருந்தது. 'நாட்டு நிலைமை.' 'துளசிக்குச் சோதனை.' 'எரிமலைப் புகை.' 'கொரோனா.' 'முழங்கால்.' ஏழாவது பிரிவில் மட்டும் சிவப்பில் ஒன்றும் இல்லை. திகதியைப் பார்த்தேன். அது என் கணவர் இறந்த வாரம். தாளைத் திருப்பிவிட்டேன்.

"உங்கடை அண்ணை பயணம் போறதிலை கலாநிதிப் பட்டம் எடுத்தவர். படிப்பு மட்டுந்தான், வேலை பாக்கேல்லை" என்றார் மச்சாள், தேநீரைக் கொண்டுவந்து வைத்தபடி.

பிறகு என்னை மேலே கூட்டிப்போய்க் கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு பெட்டியை இழுத்துக் காட்டினார். நாட்டுக்குக் கொண்டுபோவதற்கென்று அண்ணை வாங்கிச் சேர்த்தவை. வெள்ளை பூத்த சொக்கிலேட். இப்போது யாரும் பாவிக்காத கமெரா. அடியில், கடை உறை பிரிக்காத ஒரு சின்ன மஞ்சள் சட்டை. நிலானிக்கு மூன்று வயதானபோது வாங்கியதாம். நிலானிக்கு இப்போது இருபத்தொன்பது. கோபத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவளுக்கு அந்தச் சட்டை பெரிய தொந்தரவாகப் போய்விட்டது.

பத்தாவது திட்டத்தில் ஒரு வித்தியாசம் இருந்தது. அதை அண்ணை போடவில்லை, துளசி போட்டாள். வருகிற சனிக்கிழமை, எனக்கும் அண்ணைக்கும் மச்சாளுக்கும் ஒரே விமானத்தில், மாற்றவும் முடியாத, திருப்பிக் கொடுக்கவும் முடியாத பயணச்சீட்டு. தானும் கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னர் வந்து சேர்வாள். "அப்பாவுக்கு எரிமலை வெடித்தாலும் சரி" என்றாள், ஆங்கிலத்தில்.

திங்கள் முழுக்க மழை. எழுத ஒன்றுமில்லை. மச்சாள் தோசை சுட்டார்.

செவ்வாய்க்கிழமை அண்ணை என்னை ஸ்ட்ரெதமுக்குக் கூட்டிப்போனார், அவரது உயிர்ச் சிநேகிதர் மரியதாஸைப் பார்க்க. மரியதாஸ் மன்னார் ஆள், கத்தோலிக்க வேதக்காரர். தமிழ்க் கடைகளுக்கு வான் வண்டியில் மீன் விநியோகிப்பவர். லண்டனின் வடமேற்கு மூலையிலிருந்து தெற்குக்கு ரயிலில் போனால் சுருக்கம் என்று மச்சாள் சொன்னார். அண்ணை பஸ் என்றார். பாதி வழியில், காரணம் சொல்லாமல், 'இந்த பஸ் இத்தோடு நிற்கிறது, எல்லாரும் இறங்குங்கள்' என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் சொன்னது. எங்கள் ஊரில் இப்படி நடந்தால் பஸ்ஸை எரித்துவிடுவார்கள். இங்கே எல்லாரும் ஒரு பெருமூச்சோடு இறங்கினார்கள். அண்ணை மட்டும் போய், பயணிகளுக்கு எப்படி அறிவிக்கவேண்டும் என்ற முறையைச் சாரதிக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பொடியன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, உங்களுக்கு ஓய்வு கிடைத்ததற்கு எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்றான்.

செவ்வாயும் வெள்ளியும் அண்ணை சைவம். ஆனால் மரியதாஸ் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை வருவதில்லை. அங்கே நண்டுதான் வரும். அண்ணை இரண்டாம் தரமும் வாங்கினார். "கிங்ஸ்பரியிலை போய் வாய் திறந்தியோ, அடுத்த முறை உனக்குக் கால் மட்டுந்தான்" என்று மரியதாஸ் என்னை மிரட்டினார். அவரது மனைவி செல்வி எனக்கு உடைத்து உடைத்துப் போட்டார். வெளியூரில் சாப்பிட்டதில் கைகழுவ மனமில்லாமல் இருந்தது அன்றுதான்.

பிறகு, எங்கள் நாட்டில் இல்லாத ட்ராமைக் காட்டுவதற்காக மரியதாஸ் எங்களைக் குரோய்டனுக்கு ஏற்றிப்போனார். அங்கே ஓர் உயர்ந்த கட்டடத்துக்கு எதிரே வானை நிறுத்தினார். "இதுதான் தங்கச்சி நாங்கள் ரெண்டு பேரும் சந்திச்ச கோயில்" என்றார். அகதிக் கேஸ் எல்லாம் முன்பு அங்கேதான் பார்த்தார்களாம். மார்கழிக் குளிரில், விடியமுன் வரிசையில் நின்றபோது, மரியதாஸின் ஒற்றைக் கையுறையை அண்ணையும் மரியதாஸும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார்களாம். மரியதாஸ் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அண்ணை கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்று, எதிரே இருந்த, கேக்கும் ரொட்டியும் விற்கும் வெதுப்பகத்தின் விலைப்பட்டியலை முழுக்க வாசித்தார். ஒன்றும் வாங்கவில்லை.

புதன்கிழமை மச்சாள் பஞ்சாங்கத்தை எடுத்தார். லண்டன் நேரத்துக்கே கணித்த பஞ்சாங்கம். அதைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். சனிக்கிழமை அண்ணைக்குச் சந்திராட்டமம். புது வேலையோ பயணமோ தொடங்கவே கூடாத நாள். முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு புறப்படுகிற மனிதர், அந்த நாளில் வீட்டுவாசலைத் தாண்டுவதா?

"டிக்கெட் மாற்ற ஏலாது" என்றாள் துளசி. அவளுக்குத் தெரிந்த தமிழில் மிகவும் சுத்தமான வசனம் அது.

இதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற வழி ஒன்றுண்டு. நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நேரத்தில், பயணம் போகிறவருடைய பை ஒன்றை வீட்டைவிட்டு வெளியேற்றி வேறொருவர் வீட்டில் வைத்துவிடவேண்டும். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டது. பிறகு ஆள் எந்தக் கெட்ட நேரத்தில் போனாலும் குற்றமில்லை; போகிற வழியில் பையை எடுத்துக்கொள்ளலாம். கிரகங்களுக்கு ஆளையும் பையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பது நம்பிக்கை.

வியாழன் காலை பத்து நாற்பதுக்கு நல்ல நேரம். அந்தப் பக்கம் மீன் கொடுக்க வருகிற மரியதாஸ்தான் பையை ஏற்றுக்கொள்வதாக ஏற்பாடு. சனிக்கிழமை அதை நேரே ஹீத்ரோவுக்குக் கொண்டுவந்து தந்து வழியனுப்புவார். சாமியறையில் விளக்கேற்றி, அண்ணை திருநீறு பூசி, ஒரு கறுப்புத் தோள்பையை வலது கையால் தூக்கி வாசலுக்கு வெளியே நீட்டினார். மரியதாஸ் சிலுவை போட்டுக்கொண்டு வாங்கி, மீன்பெட்டிகளுக்கு மேலே வைத்தார்.

"சைவப் பயணம், கவனம்" என்றேன்.

"பயப்பிடாதை. மீன் எல்லாம் செத்ததுதான்" என்றார்.

மச்சாளுக்கு அன்றுதான் முகம் மலர்ந்தது. நானும் ஊருக்கு அழைத்து, அண்ணை வருவது சரி என்று நிலானிக்குச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். துளசி மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு எல்லாருடைய கடவுச்சீட்டையும் கேட்டாள், விமானத்தில் இடம் பதிய. என்னுடையதைக் கொடுத்தேன். மச்சாள் தன்னுடையதைக் கொடுத்தார். அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "என்ரை பாஸ்போட் அந்தப் பையுக்குள்ளை" என்றார்.

சரி, நாளைக்கு எப்படியும் வருகிற பைதானே என்று துளசி மரியதாஸுக்கு அழைத்தாள். தொலைபேசி அணைத்திருந்தது. வீட்டுக்கு அழைத்தாள். செல்வி எடுத்தார். துளசி ஒலியைப் பெரிதாக்கி மேசையில் வைத்தாள்.

"அவர் பங்குக்கோயில் சனங்களை ஏத்திக்கொண்டு நோர்போக் மாதா கோயிலுக்குப் போட்டார். அங்கை தியானம், ஃபோனை நிப்பாட்டிப் போடுவர். ஞாயிறுதான் வருவினம்" என்றார் செல்வி. "சனி காலமை திரும்பிறதாத்தான் இருந்தவர். உங்கடை பயணம் அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போட்டுது, ஆறுதலா வா எண்டு பாலன் அண்ணை காலமை ஃபோன் எடுத்துச் சொன்னவராமே?"

நாங்கள் மூன்று பேரும் அண்ணையைப் பார்த்தோம். அண்ணை எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். மச்சாள் கதிரையில் இருந்து முகத்தைப் பொத்தினார். "எனக்குத் தெரியும்" என்றார். "எனக்குத் தெரியும்."

துளசி உடனே மறுபடி செல்வியோடு கதைக்கத் தொடங்கினாள். நான் அண்ணையைத் தேடிப் போனேன். தேட ஒன்றுமில்லை, பஸ் தரிப்பில் நின்றார். அங்கே ஒரு சரிந்த சிவப்பு வாங்குப் பலகை உண்டு, இருப்பதற்கா சாய்வதற்கா என்று லண்டன்காரருக்கே தெரியாது. பக்கத்தில் போய்ச் சாய்ந்தேன். ஒரு பஸ் வந்து போனது. அண்ணை ஏறவில்லை. இன்னொன்றும் போனது.

"தெரிஞ்சுதானே பாஸ்போட்டை அதுக்குள்ளை வைச்சனீங்கள்?"

"ஓம்."

எத்தனையோ வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு என்னிடம் இருந்தது. அவர் இரண்டெழுத்தில் ஒத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

"கட்டுநாயக்காவிலை பிடிப்பாங்கள் எண்டு பயமோ? இப்ப எல்லாரும் வந்து போகினமே அண்ணை."

"முந்தி அந்தப் பயம் இருந்தது. இப்ப அதில்லை."

"பிறகென்ன?"

அண்ணை கையிரண்டையும் முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டார். "குரோய்டனிலை அந்தக் கட்டடத்துக்குள்ளை வைச்சு என்னைக் கேள்வி கேட்டவங்கள். கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்ட் முதலே சொல்லித் தந்தவன், தேப்பன் ஷெல்லடியிலை செத்துப்போனார் எண்டு சொல்லு, அப்பதான் கேஸ் நிக்கும் எண்டு. நான் சொன்னனான். எழுதிக்கொண்டிருந்தவன் பேனையை வைச்சிட்டு, 'வருந்துகிறேன்' எண்டவன். நான் அவனுக்கு 'தாங்க்ஸ்' எண்டு சொன்னனான், பிள்ளை. அப்பா அந்த நேரம் உயிரோடை, தோட்டத்துக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிண்டிருப்பார்."

மூன்றாவது பஸ் வந்து கதவைத் திறந்து, எங்களைப் பார்த்து, மூடிக்கொண்டு போனது.

"அதுக்குப் பிறகு எட்டாம் மாதம், அப்பா செத்திட்டார் எண்டு உன்ரை கடிதம் வந்தது. என்ரை வாயாலை சொன்னது பலிச்சுப் போச்சு. வீட்டிலை தொங்கிற அப்பாவின்ரை படத்துக்கு முன்னாலை நான் எந்த முகத்தோடை வந்து நிக்கிறது?"

எத்தனை வருடம் இவர் கல்நெஞ்சர் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போது அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஆறுதல் சொல்லவும் எனக்கு வராது. எனக்கு வந்தது வேறு.

"அண்ணை, இருபத்திரண்டு வருசம் பஸ் ஓடினனீங்கள். குறுக்கை வந்த கார்க்காரரை நாசமாப் போவாய் எண்டு திட்டினனீங்களோ இல்லையோ?"

"திட்டினனான்."

"ஒரு நாளைக்கு எத்தனை பேரை?"

"பத்து, பதினைஞ்சு வரும்."

"அதிலை ஒருத்தனாவது நாசமாப் போனவனோ?"

அண்ணை நேர்மையான மனிதர். உண்மையாகவே யோசித்தார். "வெம்பிளியிலை ஒருத்தன் விளக்குக் கம்பத்திலை கொண்டுபோய் அடிச்சவன். ஆனா அது அவன்ரை பிழை. இண்டிகேட்டர் போடேல்லை."

"அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம். சுருட்டை விடுங்கோ எண்டு டொக்டர் அஞ்சு வருசமாச் சொன்னவர். விட்டவரே? உங்கடை வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தா லண்டனிலை இண்டைக்கு ஒரு கார் ஓடாது."

அண்ணைக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் அழுதேன். தரிப்பில் நின்ற ஒரு வெள்ளைக்காரி, எங்களைத் தனியே விடவேண்டும் என்று நினைத்தாளோ, பயந்தாளோ, நாலடி தள்ளிப்போய் நின்றாள்.

"மரியதாஸை எப்பிடியாவது பிடிக்கவேணும்" என்றார் அண்ணை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. "அவன் பிந்தினா எல்லாம் பிழையாப் போயிடும்." வந்த வேகத்தைவிடக் கூடிய வேகத்தில் வீட்டுக்கு நடந்தார்.

செல்வியிடமிருந்து, மரியதாஸோடு போன பங்கு ஆள் ஒருவரின் இலக்கத்தை வாங்கித் துளசி தகவல் அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை விடிந்தும் பதிலில்லை. காலைப் பூசை முடிந்த பிறகுதான் மரியதாஸ் அழைத்தார். முதலில் அண்ணையைத் திட்டினார். கோயில் வளவில் நின்று திட்டுகிறோமே என்று இடைக்கிடை மாதாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, "வாறன்" என்றார்.

நாங்கள் நாலு மணிக்கே ஹீத்ரோவில் நின்றோம். நாலரைக்கு, பாதையில் எங்கோ லொறி ஒன்று புரண்டு கிடக்கிறது என்று தகவல். ஐந்தே காலுக்கு, வான் ஓர் அங்குலமும் நகரவில்லை என்று தகவல். மச்சாள் சந்திராட்டமத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவரது உதட்டில் தெரிந்தது. அண்ணை வாசலுக்கும் தெருவுக்கும் இடையே நடந்தார். ஒன்பது திட்டத்திலும் ஒரு சாக்குக்காகக் காத்திருந்த மனிதர், அருமையான சாக்கு ஒன்று தானாக வந்து வாசலில் நின்றபோது, அதைப் பார்க்கவே பயந்தார். மணவறையில் இரண்டு வெறும் இடம்தான் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

ஆறு மணிக்கு வான் வந்தது. கதவைத் திறந்ததும், வேகத்துக்குப் பயந்தோ பக்தியாலோ, உரக்கச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஐந்து அம்மாக்கள் தெரிந்தார்கள். வழியில் யாரையும் இறக்காமல் நேரே கொண்டுவந்திருக்கிறார். மரியதாஸ் குதித்து, கறுப்புப் பையை அண்ணையின் நெஞ்சில் அழுத்தினார்.

"என்னட்டையே பொய் சொன்னனி, என்னடா?"

"இதுதான் கடைசி" என்றார் அண்ணை.

"பயணப் பை எண்டனான், பங்குச் சுவாமியார் தீர்த்தம் தெளிச்சவர். கிடக்கட்டும்."

மச்சாள் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இப்போது அதற்கு இரண்டு பக்கத்துக் காவலும் கிடைத்துவிட்டது. இங்கே நிற்கக்கூடாது என்று காவலாளி கத்தத் தொடங்க, ஐந்து அம்மாக்களும் கையசைக்க, வான் போய்விட்டது. துளசி தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். எங்கள் குடும்பத்தில் அவள்தான் அந்தப் பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறாள். "போங்கோ அப்பா" என்றாள், தமிழில்.

விமான நிறுவனத்தின் கருமபீடத்தில் இருந்த பெண் அண்ணையின் கடவுச்சீட்டைப் புரட்டினாள். ஒரு முத்திரையும் குத்தப்படாத, புத்தம் புதிய தாள்கள். "விடுமுறையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நீலக் கோப்பில் இந்தக் கேள்விக்கு மூன்று விதமான பதில் இருந்தது எனக்குத் தெரியும். அண்ணை ஒன்றையும் எடுக்கவில்லை. "என்ரை தங்கச்சியின்ரை மகளுக்குக் கலியாணம்" என்று தமிழில் சொன்னார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. வாழ்த்துச் சொல்லி, இருக்கைத் தாளை நீட்டினாள்.

விமானம் ஓடத் தொடங்கியதும் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு சில்லுகளின் சத்தத்தைக் கேட்டார். மேலே எழும்பியதும், "பரவாயில்லை, ஆள் அனுபவசாலி" என்று விமானிக்குச் சான்றிதழ் கொடுத்தார். யன்னல் பக்கம் இருந்த மச்சாள், மூன்று நாள் பதற்றம் கழன்று, உடனே நித்திரையாகிவிட்டார். கோடைகாலமாதலால் ஒன்பது மணிக்கும் வெளியே நல்ல வெளிச்சம். சோறும் கோழியும் கொண்டுவந்தார்கள். அண்ணை சோற்றைக் கிளறினார், சாப்பிடவில்லை. கரண்டியைத் துடைத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"பிள்ளை" என்றார். "அப்பாவின்ரை செத்தவீட்டுக்கு ஆரார் வந்தவை?"

முப்பத்துமூன்று வருடத்தில் எத்தனை கடிதம், எத்தனை அழைப்பு. இதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று யார் வந்தார்கள், யார் தோள் கொடுத்தார்கள், அவருக்குப் பதிலாகக் கொள்ளி வைத்தது யார் என்று எதுவுமே கேட்டதில்லை. கேட்காததற்காகவும் அவரைக் கோபித்திருக்கிறேன்.

போய்ச் சேர இன்னும் பத்து மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. முதலில் வந்தது மேற்கு வீட்டுச் சித்தப்பா. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றாமலே ஓடி வந்தவர். அங்கிருந்து சொல்லத் தொடங்கினேன்.